கூட்டாக இயந்திரம் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு தாள் எழுதுங்கள்!

ஆடிப்பட்டத்தில் விதைத்த நிலக்கடலை ஐப்பசி, கார்த்திகையில் எல்லார் காட்டிலும் ஒரே சமயத்தில் பிடுங்க வரும். மல்லசமுத்திரம் சுற்றுவட்டாரத்தில் அந்தப் பத்து, பதினைந்து நாளும் ஆளுக்கு அலைய வேண்டியிருக்கும். பிடுங்கிப் போட்ட செடி மழையில் நனைந்தால் காயில் பூஞ்சணம் பிடிக்கும், முளையும் விட்டுவிடும். 'நாமளே இருபது பேர் சேர்ந்து ஒரு மெஷின் வாங்கிட்டா என்ன?' என்ற பேச்சு டீக்கடையில் கிளம்புவது அப்போதுதான்.

நல்ல பேச்சுதான். அடுத்த மாதமே ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, மானியத்துக்கு எழுதிப்போட்டு, மாலை போட்டு இயந்திரத்தை ஊருக்குள் ஓட்டி வந்துவிடுவார்கள். மூன்றாம் வருஷம் போய்ப் பார்த்தால் அது யாரோ ஒருவர் தோட்டத்துச் சாளையில் துருப்பிடித்து நிற்கும். ஒரு பெல்ட் அறுந்திருக்கும். 'அதை யார் மாத்துறது?' என்று தொடங்கிய பேச்சு முற்றி, இரண்டு மூன்று குடும்பங்கள் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகாமல் இருப்பார்கள்.

இப்படிக் கலைந்த குழுக்களில் பெரும்பாலும் திருட்டு நடந்திருக்காது, யாரும் ஏமாற்றியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் இருபது பேர் மனதிலும் இருபது விதமான இயந்திரம் ஓடிக்கொண்டிருந்திருக்கும். நம் காட்டு வேலை குறைந்த செலவில் முடியும் என்று ஒருவர் சேர்ந்திருப்பார். வெளியாள் காட்டுக்கு வாடகைக்கு விட்டால் வருஷக் கடைசியில் லாபம் வரும் என்பது இன்னொருவர் கணக்கு. மூன்றாமவர் 'மானியம் வருது, விடுவானேன்' என்று சேர்ந்தவர். இந்த மூன்றும் வேறு வேறு திட்டங்கள். பணம் போடுவதற்கு முன்பு இதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அதைச் சொல்ல வைப்பதற்குத்தான் இந்தத் தாள்.

பணம் வரும் வழி உண்டு, தாளுக்கு வழி?

தமிழ்நாட்டு அரசு 2017-18ஆம் ஆண்டில் கூட்டுப் பண்ணையத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 20 சிறு, குறு விவசாயிகள் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி 5 குழுக்கள், அதாவது 100 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. அந்த 100 பேர் குழுவுக்குப் பண்ணை இயந்திரங்கள் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. முதல் ஆண்டில் மட்டும் 2,000 உற்பத்தியாளர் குழுக்களுக்கு, 2 லட்சம் விவசாயிகளைச் சேர்த்து, 100 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். மத்திய அரசு 2020இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டம் இன்னொரு வழியாக வந்தது. அதில் சமவெளிப் பகுதியில் ஒரு நிறுவனத்துக்குக் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும் என்று வைத்திருந்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்குத் தருவதாக அறிவித்தார்கள்.

இந்தத் திட்டங்களில் சேரும்போது விண்ணப்பம், ஆதார் நகல், சிட்டா நகல், வங்கிக் கணக்கு, தீர்மானப் புத்தகம் எல்லாம் கேட்பார்கள். நிறுவனமாகப் பதிவு செய்தால் ஆடிட்டர் துணைவிதிகள் எழுதித் தருவார். வங்கியில் கடன் கேட்டால் திட்ட அறிக்கை தயாராகும். எல்லாம் தேவைதான். ஆனால் துணைவிதி என்பது சங்கம் காலாகாலத்துக்கும் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வது. திட்ட அறிக்கை வங்கி மேலாளர் படிப்பதற்கு. இந்த ஒரு இயந்திரம், இந்த வருஷம், இந்த இருபது பேர், இதைப் பற்றி நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் தாளை எந்த அலுவலகமும் கேட்பதில்லை. கேட்காததாலேயே எழுதாமல் விட்டுவிடுகிறோம்.

பாலம் கட்டுகிறவர்கள், தொழிற்சாலை போடுகிறவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் ஒரு புது வேலையைத் தொடங்கும்போது முதலில் எழுதும் தாளுக்கு 'புராஜெக்ட் சார்ட்டர்' என்று பெயர். தமிழில் திட்டச் சாசனம் எனலாம். பணம் தருகிறவர், வேலையை நடத்தப்போகிறவரின் பெயரைச் சொல்லி, 'இதற்காக, இவ்வளவு பணத்தில், இந்த எல்லைக்குள் இந்த வேலையைச் செய். அதற்கு உனக்கு அதிகாரம் உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. ஒன்றிரண்டு பக்கத்துக்கு மேல் போகாது. கம்பெனியில் பணம் போடுகிறவர் ஒருவர், வேலை செய்கிறவர் வேறொருவர். நம் குழுவில் பணம் போடுகிறவர்களே வேலையும் பார்க்க வேண்டும், தகராறையும் தீர்க்க வேண்டும். அதனால் இந்தத் தாள் கம்பெனிக்காரர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை என்பது என் எண்ணம். சாசனம் என்றால் கல்வெட்டு ஞாபகம் வருகிறது என்பவர்கள் 'தொடக்கத் தாள்' என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வெட்டு என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஆண்டு 919, 921. குடவோலைத் தேர்தலுக்காக அவற்றைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். விவசாயி பார்க்க வேண்டியது அதிலுள்ள ஏரி வாரியத்தை. ஏரியைக் கவனிக்க 6 பேர். பதவிக்காலம் 360 நாள். வயது 35க்கு மேல், 70க்குள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. யார், எவ்வளவு காலம், கணக்குத் தராவிட்டால் என்ன என்பதையெல்லாம் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சபையில் ஊரார் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை என்பதும் உண்மை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்களின் சபை அது. அந்தக் குறையை நாம் தொடர வேண்டியதில்லை. கணக்கு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதல் வரி: எதற்காக?

தாளின் முதல் வரியில் இயந்திரத்தின் பெயர் வரக் கூடாது. கஷ்டம் என்ன என்பதுதான் வர வேண்டும். 'கடலைக்காய் பிரிக்கும் இயந்திரம் வாங்குவது' என்று எழுதினால், வாங்கிய அன்றே திட்டம் முடிந்துவிடும். 'எங்கள் 20 பேரின் 30 ஏக்கர் கடலை, பிடுங்கிய மூன்று நாளுக்குள் காய் பிரிந்து களத்துக்கு வர வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். உடனே வேறு கேள்விகள் வரும். இதற்கு இயந்திரம் வாங்கத்தான் வேண்டுமா? வேளாண்மைப் பொறியியல் துறை உழவன் செயலி வழியாகவே இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறதே, அது போதாதா? பக்கத்து ஊரில் உள்ளவரிடம் முன்கூட்டியே நாள் பேசி வைத்தால் முடியாதா? விதைப்பை ஒரு வாரம் முன்பின் தள்ளி வைத்தால் அறுவடை நெருக்கடி குறையாதா?

இப்படி யோசித்து 'வாங்க வேண்டாம்' என்று முடிவாகிவிட்டால், எழுதிய தாள் வீண் என்று நினைக்காதீர்கள். ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம் பிடித்த தாள் அது.

ஒரு கணக்குப் போடுவோம். இவை கணக்குப் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 30 ஏக்கர்; ஒரு ஏக்கருக்கு 3 மணி நேரம்; ஆக 90 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினால் 11 நாளுக்கு மேல் ஆகும். 'மூன்று நாளுக்குள்' என்று முதல் வரியில் எழுதினோமே! எல்லாரும் ஒரே நாளில் பிடுங்கிப் போட்டால் கடைசி ஆள் பதினொன்றாம் நாள்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படியானால் இயந்திரத்துக்கு முன்னால் பிடுங்கும் வரிசையைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதே கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுவோம். இயந்திரத்தின் விலை 1,80,000 ரூபாய், ஆறு வருஷம் உழைக்கும் என்று வைத்தால், அடுத்த இயந்திரம் வாங்க வருஷத்துக்கு 30,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். உறுப்பினர் காட்டில் மட்டும் 90 மணி நேரம் ஓடினால் மணிக்கு 333 ரூபாய் இதற்கே போகும். டீசல், ஓட்டுநர் கூலி, ரிப்பேர் எல்லாம் இதற்கு மேல். வெளியாள் காட்டுக்கும் விட்டு 300 மணி நேரம் ஓட்டினால் இதே செலவு மணிக்கு 100 ரூபாய்தான். 'அப்போ வெளியே விட்டுடலாம்' என்று தோன்றும். ஆனால் வெளியாள் கேட்பதும் இதே கார்த்திகையில்தானே? ஆகவே வாடகை குறைய வேண்டுமா, நம் காட்டுக்கு முதலில் வர வேண்டுமா என்பதில் ஒன்றைக் குறைத்துக்கொண்டுதான் இன்னொன்றைப் பெற முடியும். இதை வாங்குவதற்கு முன்பு, குளிர்ந்த மனதோடு பேசி எழுதிவிட வேண்டும். வாங்கிய பிறகு, மேகம் கறுத்து நிற்கும்போது பேசினால் கை கலப்பில்தான் முடியும்.

எதைச் செய்ய மாட்டோம்?

நான் பார்த்தவரை, குழுத் தீர்மானங்களில் 'செய்வோம்' என்ற சொல்தான் நிறைய இருக்கும். 'செய்ய மாட்டோம்' என்று ஒரு வரிகூட இருக்காது. சண்டை வருவதோ பெரும்பாலும் இந்த எழுதாத வரிகளால்தான்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844ஆம் ஆண்டு 28 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடை தொடங்கினார்கள். பெரும்பாலும் நெசவு முதலான கைத்தொழில் செய்தவர்கள். திருச்செங்கோடு பக்கத்துத் தறிக்காரர்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆளுக்கு ஒரு பவுன் பணம் சேர்த்து, டிசம்பர் 21ஆம் தேதி கடையைத் திறந்தபோது மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி என்று நாலைந்து சாமான்தான் இருந்தது. ஆனால் நோக்கங்களையும் விதிகளையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று, கடனுக்குச் சாமான் கொடுப்பதில்லை என்பது. அதே ஊரில் பத்து வருஷத்துக்கு முன்பு தொடங்கிய இன்னொரு கூட்டுக் கடை கடன் கொடுத்தே மூழ்கியிருந்தது. எல்லாரும் ஒரே தெருக்காரர்கள். கடன் கேட்டால் எப்படி இல்லை என்பது? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை விதி சொல்லிவிட்டது. உலகக் கூட்டுறவு இயக்கம் முழுக்க இன்றும் அந்தக் கடையைத் தன் முன்னோடியாகச் சொல்கிறது. 1904இல் சென்னையில் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அதுதான் முன்மாதிரி.

நம் இயந்திரத்துக்கும் அந்த வரி பொருந்தும். 'காய் வித்ததும் தர்றேனுங்க' என்பதுதான் நம் ஊர்க் கடன். இருபது பேரில் எட்டுப் பேர் அப்படிச் சொன்னால் டீசலுக்கு யார் பணம் போடுவது? பொறுப்பாளர் தன் கைக்காசைப் போடுவார். ஒரு வருஷம் போடுவார். அடுத்த வருஷம் பொறுப்பே வேண்டாம் என்று விலகிவிடுவார். அதனால் 'டீசலும் ஓட்டுநர் கூலியும் அன்றன்றே ரொக்கம். இயந்திர வாடகைக்கு மட்டும் 30 நாள் தவணை' என்பதுபோல் உங்களுக்கு முடிந்ததை எழுதுங்கள். முடியாததை எழுதினால் முதல் மாதமே அந்த வரி செத்துவிடும், பிறகு மற்ற வரிகளுக்கும் மதிப்பு இருக்காது.

ட்ராக்டரில் மாட்டி ஓட்டும் கருவியாக இருந்தால் இன்னொரு வரி கட்டாயம் வேண்டும். 5 லட்சத்துக்குள் ட்ராக்டரும் கருவியும் சேர்த்து வாங்குவது கஷ்டம். அதனால் பல குழுக்கள் ரோட்டவேட்டர், கதிரடிக்கும் இயந்திரம் போன்றவற்றை வாங்குகின்றன. அதை இழுக்க ட்ராக்டர் வேண்டும். குழுவில் ட்ராக்டர் வைத்திருப்பவர் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். கருவி அவர்கள் களத்தில் நிற்கும். ஒரு வருஷத்தில் ஊரார் அதை 'அவரு ரோட்டவேட்டர்' என்று சொல்லத் தொடங்குவார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது. நிறுத்த இடம் கொடுத்தவர், கிரீஸ் வைத்தவர், பொழுது விடியாமல் எழுந்து ஓட்டிப் போனவர் அவர்தானே. எங்கே நிற்கும், சாவி யாரிடம், இழுக்கும் ட்ராக்டருக்கு மணிக்கு என்ன வாடகை, இடம் கொடுத்தவருக்கு என்ன என்று எழுதிவிட்டால் அவருக்கும் கெட்ட பெயர் இல்லை.

தாளில் பெயர் வராதவர்களையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கடலைக்காய் பறித்து அளவுக் கணக்கில் கூலி வாங்கும் பெண்களுக்கு இந்த இயந்திரம் வந்தால் அந்த மாத வருமானம் போகும். அவர்களில் பாதிப்பேர் உறுப்பினர் வீடுகளுக்கே களை எடுக்கவும் வருகிறவர்கள். காய் பிரிக்கும்போது செடி அள்ளிப் போடவும், காய் காய வைக்கவும், தூற்றவும் ஆள் வேண்டும்தான். அந்த வேலை யாருக்கு, என்ன கூலி என்று முன்பே பேசிவிடுவது நியாயம். பட்டா கணவர் பெயரில், பாடு மனைவி தலையில் என்று இருக்கும் வீடுகளில் இருவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். குத்தகைக்கு ஓட்டுகிறவருக்கும் வரிசையில் இடம் உண்டா இல்லையா என்பதும் எழுத்தில் வரட்டும்.

எத்தனை அடியில் நிறுத்துவது?

தாளில் எழுத எல்லாருக்கும் மனம் வராத வரி ஒன்று உண்டு: எப்போது கைவிடுவது? 'ஆரம்பிக்கும்போதே அபசகுனமா பேசறீங்களே' என்பார்கள்.

ரிக் வண்டிக்குப் பேர் போன திருச்செங்கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. போர் போட ஆரம்பிக்கும்போது 600 அடி என்று நினைத்து ஆரம்பிப்போம். 600இல் புகைதான் வரும். 'இன்னும் ஒரு 50 அடி பார்க்கலாமுங்க' என்பார் பக்கத்தில் நிற்பவர். ஏற்கெனவே இவ்வளவு செலவு பண்ணியாயிற்றே என்று மனசு கேட்காது. ஆழம் போகப் போக அடிக்கு விலையும் ஏறும். 1,000 அடியைத் தாண்டியும் புழுதி பறந்த காடுகள் எத்தனை! நகை அடகுக்குப் போனது ஆரம்பத்தில் நினைத்த 600 அடிக்காக அல்ல. 'இன்னும் ஒரு 50 அடி'க்காகத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ரிக் சத்தத்துக்கு நடுவில் அந்த முடிவை எடுக்கக் கூடாது. வண்டி வருவதற்கு முன்னால், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, 'இத்தனை அடி, இத்தனை ரூபாய், அதோடு நிறுத்தம்' என்று எழுதி வைத்திருந்தால், பக்கத்தில் நிற்பவருக்குக் காட்ட ஒரு தாளாவது இருக்கும்.

கூட்டு இயந்திரத்துக்கும் இதே போல ஒரு அடிக்கணக்கு வேண்டும். இரண்டு பருவத்தில் இத்தனை மணி நேரம் ஓடவில்லை என்றால் விற்றுவிடுவோம். ஒரே வருஷ ரிப்பேர் செலவு இத்தனை ரூபாயைத் தாண்டினால் பொதுக் கூட்டம் கூட்டாமல் மேலே செலவு இல்லை. விற்றால் பணத்தை எப்படிப் பிரிப்பது? அரசு நிதியிலோ மானியத்திலோ வாங்கியதானால் இஷ்டத்துக்கு விற்க முடியாது, நிபந்தனைகள் இருக்கும். வட்டார வேளாண்மை அலுவலகத்தில் அல்லது வேளாண்மைப் பொறியியல் துறையில் முன்பே கேட்டு, அதையும் தாளில் சேர்த்துவிடுங்கள்.

அதிகாரமும் இப்படித்தான். பெல்ட் அறுந்தால் மாற்றப் பொறுப்பாளர் இருபது பேரைக் கேட்க வேண்டுமா? கேட்டால் அறுவடையே முடிந்துவிடும். கேட்காமல் எஞ்சினையே மாற்றிவிட்டு வந்து பில் நீட்டினால்? ஆகவே எவ்வளவு ரூபாய்வரை அவரே செய்யலாம், எவ்வளவு தாண்டினால் மூன்று பேர், எதற்குப் பொதுக் கூட்டம் என்று மூன்று படி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரித் தாள்

கீழே இருப்பது ஒரு மாதிரி மட்டுமே. எண்களை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு எண்ணையும் கூட்டத்தில் பேசிச் சண்டை போட்டு மாற்றுங்கள். அந்தப் பேச்சுதான் முக்கியம்.

எங்கள் கஷ்டம்: 20 பேரின் 30 ஏக்கர் நிலக்கடலையில், பிடுங்கிய பிறகு காய் பிரிக்க ஆள் கிடைக்காமல் செடி காட்டில் கிடக்கிறது.

நாங்கள் அடைய நினைப்பது: வரும் கார்த்திகை முதல், எந்த உறுப்பினர் காட்டிலும் பிடுங்கிய செடி மூன்று நாளுக்கு மேல் கிடக்கக் கூடாது. இது நடந்ததா என்று தை மாதம் நோட்டைப் பார்த்துச் சொல்வோம்.

செய்வது: ஒரு காய் பிரிக்கும் இயந்திரம் வாங்கி ஓட்டுவது.

செய்யாதது: உறுப்பினர் வேலை முடியும்வரை வெளியாள் காட்டுக்கு அனுப்ப மாட்டோம். டீசல், ஓட்டுநர் கூலி கடன் கிடையாது. இந்த இயந்திரத்தை அடமானம் வைத்து வேறு கடன் வாங்க மாட்டோம்.

வரிசை: புரட்டாசிக் கடைசியில் கூடிச் சீட்டுக் குலுக்கிப் பிடுங்கும் நாள் முடிவாகும். ஒரு ஏக்கருக்குக் குறைவானவர்கள் முதலில். மழை அறிவிப்பு வந்தால், ஏற்கெனவே செடி பிடுங்கிக் கிடப்பவருக்கு முன்னுரிமை; வரிசை மாற்றிக் கொடுத்தவருக்கு அடுத்த வருஷம் முதல் இடம்.

பணம்: ஆளுக்கு இவ்வளவு, இந்தத் தேதிக்குள். மீதி எங்கிருந்து வரும் என்பது. வசூலாகும் வாடகையில் மணிக்கு இவ்வளவு அடுத்த இயந்திரத்துக்கென்று தனிக் கணக்கில் போகும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

பொறுப்பு: பொறுப்பாளர் ஒருவர், கணக்கு எழுதுபவர் வேறொருவர். ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. ஒரு வருஷம்தான் பதவி. 2,000 ரூபாய்வரை ரிப்பேர் பொறுப்பாளரே செய்யலாம். 10,000 வரை மூவர் குழு. அதற்கு மேல் பொதுக் கூட்டம்.

கணக்கு: ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு. இரண்டு மாதம் தொடர்ந்து கணக்கு வராவிட்டால் பொறுப்பு தானாகவே அடுத்தவருக்குப் போகும்.

நிறுத்தம்: இரண்டு பருவத்தில் மொத்தம் 120 மணி நேரம் ஓடவில்லை என்றால் விற்பது பற்றிப் பொதுக் கூட்டம் முடிவு செய்யும்.

விலகல்: ஒருவர் விலகினால் அவர் பங்குப் பணம் எப்போது, எவ்வளவு திரும்பும், இறந்தால் வாரிசு தொடரலாமா என்பது.

தேதி, எல்லார் கையெழுத்து அல்லது ரேகை.

தீர்மானப் புத்தகத்தில் இதை ஒரு தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள். இயந்திரம் நிற்கும் சாளையில் ஒன்றை ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால், குழுவைச் சேராத ஒருவரை, பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையானாலும் சரி, சத்தமாக இரண்டு முறை படிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு ரேகை வாங்குங்கள். எழுதியவரே படித்தால் கடினமான வரியை வேகமாகத் தாண்டிவிடுவார்!

இது சம்பந்தமாக எழும் கேள்விகள்

'எங்க குழுவுல எல்லாரும் பங்காளி, மாமன் மச்சான்தானுங்க. கையெழுத்துக் கேட்டா என்னை நம்பலையான்னு கோவிச்சுக்குவாங்களே?'

கல்யாணத்தில் மொய் வைக்கும்போது தாய்மாமன் பெயரையும் தொகையையும்கூட நோட்டில் எழுதத்தான் செய்கிறோம். எழுதாமல் விட்டால்தான் கோபம் வரும். மல்லசமுத்திரம் கூட்டுறவு ஏலத்துக்குப் பருத்தி மூட்டை கொண்டுபோகிறோம். எடை எழுதிய சீட்டு இல்லாமல் யாரும் வீடு திரும்புவதில்லை. சங்கத்தை நம்பவில்லை என்றா அர்த்தம்? குழுவில் வயதில் மூத்தவரை முதல் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பெரியவரே போட்டுவிட்டார் என்றால் மற்றவர்கள் பேச மாட்டார்கள்.

'நாங்க ஏற்கெனவே வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப எழுதி என்ன பிரயோஜனம்?'

இன்றைக்கு எழுதலாம். ஆனால் பழைய பாக்கியையும் புதிய விதியையும் ஒரே கூட்டத்தில் பேசாதீர்கள். பேசினால் பாக்கிதான் ஜெயிக்கும். முதல் கூட்டத்தில் இயந்திரம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எதை மாற்ற வேண்டும், மெக்கானிக் எவ்வளவு கேட்கிறார், கையிருப்பு எவ்வளவு, யாரிடம் எவ்வளவு நிலுவை என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யார் தப்பு என்ற பேச்சே வேண்டாம். 15 நாள் கழித்து இரண்டாம் கூட்டத்தில் தாள் எழுதுங்கள்.

'அண்ணன் தம்பி மூணு பேர் சேர்ந்து அண்ணன் காட்டுல கூட்டா போர் போடறோம். எங்களுக்குமா இந்தத் தாள்?'

உங்களுக்குத்தான் முதலில். எத்தனை அடியில் நிறுத்துவது என்பதை மேலே சொன்னேன். வறண்டு போனால் செலவு மூன்று பங்கா, இல்லை காட்டுக்காரர் தலையிலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தண்ணீர் வந்தால் மின் இணைப்பு யார் பெயரில், முறைத் தண்ணீர் யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், மோட்டார் எரிந்தால் யார் தருவது, மற்ற இருவர் காட்டுக்குக் குழாய் எந்த வரப்பு வழியாகப் போகும் என்பதெல்லாம் வீட்டுத் தாளில் அடங்கும். ஆனால் ஒன்று அடங்காது. நாளைக்கு அண்ணன் அந்தக் காட்டை விற்றாலோ, அவர் பிள்ளைகள் பாகம் பிரித்தாலோ, வாங்குகிறவரை வீட்டுத் தாள் கட்டுப்படுத்தும் என்று நம்பிவிட முடியாது. தம்பிகளுக்குக் கிணற்றிலும் குழாய்ப் பாதையிலும் உள்ள பாத்தியதையை வழக்கறிஞரிடம் கேட்டுப் பத்திரமாக எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அதை ரிக் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு செய்யுங்கள். தண்ணீர் வந்த பிறகு காட்டின் விலை ஏறிவிடும். அப்போது கேட்டால் அண்ணனுக்கும் யோசனை வரும், அண்ணிக்கும் வரும்.